ஸ்பூன் சத்தம்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் மாற்றவும் மாட்டேன்.

ஜெயசீலி மிஸ்தான் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினால் மொழி வளரும் என்றார். இரண்டு நாள் அப்படி எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதும்போது தெரிந்த சொற்களுக்குத் தக்கபடி உண்மையை வளைக்க வேண்டியிருக்கிறது. அதனால் தமிழ்.

முதலில் எங்களைப் பற்றி. நான் மங்கையர்க்கரசி, பதினொன்றாம் வகுப்பு, புதுக்கோட்டை. வீட்டில் அம்மாவும் அண்ணன் வீரமணியும் நானும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டுச் சென்னையில் நான்கு வருடமாக லிஃப்ட் பொருத்தும் வேலை பார்க்கிறான். கட்டி முடியாத அடுக்குமாடிகளில், லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீளமான குழிக்குள் பலகையில் நின்று செய்யும் வேலை. போன வருடம் அவனோடு வேலை செய்த ஒருவர் அதற்குள் விழுந்து கால் போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணனின் போன் வரும்வரை அம்மா சாப்பிடுவதில்லை.

இப்போது தோஹாவில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டைப் பராமரிக்கும் வேலை. குழிக்குள் நிற்க வேண்டாம். ஒரு கட்டடத்தின் வேலை முடிந்து அண்ணன் இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறான். செய்முறைத் தேர்வில் தேறிவிட்டான். இன்னும் நேர்முகம் மட்டும்தான் பாக்கி, இருபத்தொன்பதாம் தேதி, திருச்சியில். எல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

"நான் சொல்லித் தர்றேண்ணே. நீ ஒண்ணும் கவலப்படாத" என்றேன்.

"நீ இருக்கப்ப எனக்கென்ன டீச்சரம்மா" என்றான்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் பாடம்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது எழுந்து ஆங்கிலத்தில் பேசும்போது தவறு வந்தால் மற்ற எல்லோரும் பேனாவால் டெஸ்கில் ஒரு தட்டு தட்டுவோம். பேசுகிறவர் அங்கேயே நின்று, தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எனக்கு இதுவரை யாரும் தட்டியதில்லை.

வீட்டில் டெஸ்க் இல்லை. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஸ்பூனால் தட்டுவது என்று முடிவு செய்தேன்.

"ஏதாவது பேசுண்ணே. உன் வேலையில நடந்தது எதையாவது."

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தான். "ஒன் மேடம் ஸ்டக் இன்சைட் த லிஃப்ட். கரண்ட் கோயிங். மேடம் ஃபுல் கிரையிங். ஐ ஆம் ஸ்டாண்டிங் அவுட்சைட், ஐ செட் ஹெர், மேடம், நோ ஃபியர். லிஃப்ட் டூயிங் ஃபுல் டே வொர்க், நவ் லிட்டில் ரெஸ்டிங். யூ ஆல்சோ ரெஸ்ட். ஐ கம், ஓப்பன், யூ கோ ஹோம், குக் சாம்பார்."

கையை ஆட்டி, அந்த அம்மாள் அழுவதுபோல் முகத்தை வைத்து, கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேசுவதுபோல் குனிந்து சொன்னான். ஒரு ஆங்கில வார்த்தையும் தெரியாத அம்மா மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அந்த அம்மாளும் லிஃப்டுக்குள் சிரித்துவிட்டாராம்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். முதல் வாக்கியத்திலேயே மூன்று இடம்.

"ஏய், கதை முடியறதுக்குள்ள டம்ளர் நெளிஞ்சிரும்டி" என்றான்.

செப்டம்பர் 10, புதன்

இன்று 'ரைஸ்', 'ரெய்ஸ்'. தானாக மேலே போவது ஒன்று, ஒருவர் மேலே கொண்டுபோவது இன்னொன்று. தமிழில் ஏறு, ஏற்று என்று இருப்பதைப் போலத்தான் என்று விளக்கினேன். இந்த ஒப்புமையை நானே கண்டுபிடித்தேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப லிஃப்டு எதுல வரும்? தானா ஏறுதா, நாம ஏத்துறமா?"

"அது வாக்கியத்தப் பொறுத்து."

"லிஃப்டுக்கே தெரியாது போல" என்றான். அம்மா மறுபடியும் சிரித்தாள். சிரிப்பு பாடத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி, அம்மாவைப் பின்கட்டில் வைத்து மாவு ஆட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடங்களையும் நிரப்பினோம். அப்போதும் பாடத்தை விடவில்லை.

பெட்டியில், மேசையில், பஸ் நிறுத்தத்தில். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று. அண்ணனுக்கு இது மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. "நாம ஒண்ணவச்சே சமாளிக்கல? அவங்களுக்கு மட்டும் எதுக்கு மூணு?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் நேர்முகத்தில் கேட்க முடியாது என்றேன்.

'ஃபார்' வர வேண்டிய இடத்தில் 'சின்ஸ் ஃபோர் இயர்ஸ்' என்று சொல்வதை இன்னும் விடவில்லை. 'டீச்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லேர்ன்' என்கிறான். 'டிஸ்கஸ்' என்றாலே பக்கத்தில் ஒரு 'அபவுட்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனிமேல் பாட நேரத்தில் மட்டுமில்லை, எப்போது தவறு வந்தாலும் தட்டுவது என்று விதி செய்தேன். டம்ளரும் ஸ்பூனும் நான் போகும் இடமெல்லாம் கூட வருகின்றன.

செப்டம்பர் 16, செவ்வாய்

தட்டே விழாமல் நான்கு வாக்கியங்கள் பேசினான்.

செப்டம்பர் 18, வியாழன்

பிரஞ்சி கூப்பிட்டான். பிரஞ்சி ஒடிசாக்காரன், சென்னையில் அண்ணனோடு வேலை செய்கிறவன். இவனுக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தாங்களே செய்துகொண்ட ஓர் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். வேலையிடத்துப் பழக்கம், அண்ணன் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான்.

அண்ணன் வாயைத் திறந்ததும் தவறு. தட்டினேன். அடுத்ததும் தவறு. தட்டினேன்.

"வீரா பாய், வாட் பெல்? யூ ஆர் இன் டெம்பிள்?" என்று கேட்டான் பிரஞ்சி.

அண்ணன் சிரித்தான். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, என் கையைப் பார்த்துவிட்டு, "ஐ வில் கால் யூ லேட்டர்" என்று வைத்துவிட்டான். அந்த வாக்கியம் முழுக்கச் சரி. நான் பாராட்டினேன்.

அம்மா உள்ளேயிருந்து, "போன்ல பேசறப்பக்கூடவா? அவன்பாட்டுக்குப் பேசட்டும், விடேண்டி" என்றாள். அம்மாவுக்குக் கற்பிக்கும் முறை பற்றித் தெரியாது.

செப்டம்பர் 22, திங்கள்

நல்ல முன்னேற்றம். இப்போதெல்லாம் அண்ணன் அவசரப்படுவதில்லை. ஒரு வாக்கியம் சொல்கிறான், நிறுத்துகிறான், ஸ்பூனைப் பார்க்கிறான், சத்தம் வராவிட்டால் அடுத்ததுக்குப் போகிறான். யோசித்துப் பேசப் பழகிவிட்டான்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மேடம் கதையை இப்போது சொல்வதில்லை. "அதுல திருத்தம் ஜாஸ்தி. வேணாம்" என்கிறான். வேறு நல்ல பதிலை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஐந்து வாக்கியம்.

ஜெயசீலி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"தட்டுறப்ப உங்கண்ணன் சிரிக்கிறாரா?"

வகுப்பில் தட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், தட்டுகிறவர்களும் சிரிப்பார்கள். அது உண்மைதான். முதல் வாரம் அண்ணனும் சிரித்தான். மிஸ்ஸிடம் "சிரிப்பான் மிஸ்" என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஆங்கிலத் தாளை எழுதிவிட்டு மிச்ச நேரத்தில் இரண்டு முறை சரிபார்த்தேன்.

சாப்பிடும்போது அம்மா, "ரசம் ஊத்தட்டா தம்பி?" என்று கேட்டாள். அண்ணன் ஒரு நொடி நின்று, என்னைப் பார்த்து, அப்புறம் தலையை ஆட்டினான். அம்மா கேட்டது தமிழில்தான்.

"அவன் பேச்சே கொறஞ்சுபோச்சு பாப்பா" என்றாள் அம்மா, பாத்திரம் விளக்கும்போது.

"குறையலம்மா. திருந்தியிருக்கு."

செப்டம்பர் 28, ஞாயிறு

வெள்ளைச் சட்டையை நான் தேய்த்தேன். காலரில் மட்டும் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது, டை கட்டினால் தெரியாது. டை பக்கத்து வீட்டிலிருந்து.

"நாளைக்கு நீயும் வர்றியா? லீவுதான? நீ கூட இருந்தா ஒரு தைரியம்" என்றான்.

டம்ளரையும் ஸ்பூனையும் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி தேவைப்படாது.

செப்டம்பர் 29, திங்கள்

கிடைக்கவில்லை.

ஹாலில் ஏசி மிக அதிகம். அண்ணனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. களைப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்று எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஏசி அதிகம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுவதாக முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் காலையிலிருந்து பலமுறை படித்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

திருச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். மாடியில் கல்யாண ஹால் மாதிரி பெரிய அறை. ஒரு மூலையில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தாடி வைத்த ஒரு மலையாளி அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர். காத்திருப்பவர்களுக்குச் சுவரோரமாக நாற்காலிகள். நானும் அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் முதுகும் அந்த இருவரின் முகங்களும் தெரிந்தன. பேசுவது நன்றாகவே கேட்டது.

அறிமுகத்தை அண்ணன் பிசகில்லாமல் சொன்னான். 'ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்றே சொன்னான். அவனோடு சேர்ந்து என் உதடும் அசைந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நின்றான். நிற்கும்போதெல்லாம் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டேக் யுவர் டைம்" என்றார் தாடிக்காரர். அவர் நல்லவர். அதையும் எழுத வேண்டும்.

பிறகு அவர் கேட்டார், ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பயந்து அழுதால் அவரிடம் என்ன சொல்வாய் என்று.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அது அவனுடைய கேள்வி. அவனுக்காகவே செய்துவைத்த கேள்வி. அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. நான் எழுதிக் கொடுத்த ஐந்து வாக்கியங்களை அவன் எடுக்கவில்லை. "சார், ஒன் மேடம் ஸ்டக் இன்சைட் த லிஃப்ட்" என்று தொடங்கினான். கை தானாக மேலே போனது. கிட்டத்தட்ட இரண்டு வாரமாக நான் கேட்காத குரல் அது. "மேடம் ஃபுல் கிரையிங்" என்றதும் தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார். சிரிக்கத் தயாராகிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா முகம் அப்படித்தான் ஆகும்.

அவர்களுக்கு டீ வந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். கலக்கி முடித்து, எல்லோரும் செய்வதைப் போல, ஸ்பூனைக் கோப்பை விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

அண்ணன் நின்றுவிட்டான்.

கை இறங்கியது. "ஒன் மேடம்... எ மேடம்... எ லேடி வாஸ்..." என்றான். அங்கிருந்து நகர முடியவில்லை. "யெஸ், அண்ட் தென்?" என்று கேட்டார் தாடிக்காரர். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். எது தப்பு என்று கேட்கிற பார்வை. என் இரண்டு கைகளும் மடியில் வெறுமனே இருந்தன. கைகளை விரித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டவில்லை.

"சாரி சார்" என்றான்.

அதன்பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. கடைசியில் தாடிக்காரர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். "தம்பிக்கு வேலை நல்லா தெரியும். டெஸ்ட் ரிப்போர்ட் பார்த்து. ஆனா அங்கே ஆள்களோட பேசணும். பயந்து நிக்கிறவங்களோட பேசணும். அதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார்.

இறங்கி வந்ததும் அண்ணன் டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான். எனக்கு ஒரு கூறு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தான். பஸ் கீரனூர் தாண்டிய பிறகுதான் பேசினான்.

"நீ சொல்லிக்குடுத்தது எல்லாம் கரெக்டா வந்துச்சுல்ல மங்கை?"

"எல்லாம் கரெக்ட்டுண்ணே" என்றேன்.

ஸ்பூனைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று சரஸ்வதி பூஜை. இந்த நாட்குறிப்பையும் புத்தகங்களோடு அடுக்கிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். எழுதாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

அண்ணன் தன் ஸ்பேனர்களையும் டெஸ்டரையும் லிஃப்ட் கதவைத் திறக்கும் மூன்று மூலைச் சாவியையும் துடைத்து வரிசையாக வைத்தான். பிறகு அலமாரிக்குப் போய் அந்த ஸ்பூனை எடுத்து வந்து கடைசியில் வைத்தான்.

"இது எதுக்குடா?" என்றாள் அம்மா.

"இதுவும் ஆயுதந்தானம்மா. நம்ம டீச்சரம்மாவோடது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். ஸ்பூனுக்கும் வைத்தாள்.

சுண்டலில் உப்பு இல்லை என்று இருவரும் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து பழைய கம்பெனி கூப்பிட்டுவிட்டது. புதிதாக ஒரு கட்டடம், முன்பு செய்ததைவிட உயரம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு வேலை எது இருக்கிறது? பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதத்துக்குப் போதும் என்று அண்ணன் சொல்லியும் இடித்துக்கொண்டே இருக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

அம்மா இப்போதெல்லாம் காபியை அடுப்படியிலேயே சர்க்கரை போட்டு ஆற்றி எடுத்துவருகிறாள். ஸ்பூன் வெளியே வருவதில்லை.

அக்டோபர் 4, சனி

அண்ணனின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். "மன்னிச்சுக்கண்ணே" என்று சொல்லிவிடுவதாக ஒவ்வொரு சட்டைக்கும் நினைத்தேன். சட்டைகள் தீர்ந்துவிட்டன. வெள்ளைச் சட்டையை அவன் எடுத்துப் போகவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் வாசல்படியில் போய் உட்கார்ந்தான். நான் முன்னறையில் சன்னல் பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். பிரஞ்சி கூப்பிட்டான்.

"பிரஞ்சி, டுமாரோ ஐ..." என்று ஆரம்பித்தவன் சன்னலைத் திரும்பிப் பார்த்தான். என் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஐ வில் கால் யூ லேட்டர்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதே வாக்கியம். முழுக்கச் சரியான வாக்கியம். நான் பாராட்டிய வாக்கியம்.

புத்தகத்தை மூடினேன். அவனுக்குக் கேட்கும்படி கொட்டாவி விட்டேன். "நான் படுக்கப்போறேம்மா" என்று சத்தமாகச் சொன்னேன். மேசை விளக்கை அணைத்தேன். முன்னறை விளக்கையும் அணைத்தேன். பாயை விரிக்காமல் இருட்டில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

 கொஞ்ச நேரம் கழித்து அவனே போன் செய்தான்.

"பிரஞ்சி பாய். யூ ஈட்டிங் ஆர் நாட் ஈட்டிங்? குட். டுமாரோ நைட் ஐ ரீச் டு ரூம். மை பெட் நோபடி கிவிங், ஓகே?"

பிரஞ்சி தோஹாவைப் பற்றிக் கேட்டான்.

"தோஹா நோ பாய். ஆல் கொஸ்டின் குட் கொஸ்டின். மை ஆன்சர் ஒன்லி ஸ்டக் இன்சைட். லைக் தட் மேடம், யூ ரிமெம்பர்? ஃபுல் கிரையிங் இன்சைட், நோபடி கமிங், நோபடி செட் ஹிம் நோ ஃபியர்."

பிரஞ்சி சிரித்தான். அண்ணனும் சிரித்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யுவர் சிஸ்டர் ஆங்ரி?"

"நோ நோ. மை சிஸ்டர் லேர்ன் மீ வெரி வெல். டே அண்ட் நைட் லேர்ன் மீ. சிஸ்டர் நோ மிஸ்டேக். மை ஹெட் ஒன்லி ஸ்மால்."

அப்புறம் நெடுநேரம் பேசினான். சாப்பாடு, புதுக் கட்டடத்தின் உயரம், பலகையைக் கட்டும் ஆள் குடிக்கிறவன் என்பது, பிரஞ்சியின் மகனுக்குப் பல் முளைத்தது. எங்கும் நிற்கவே இல்லை. அவன் கை இருட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. தவறுகளை நான் எண்ணவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். தெருவிளக்கின் வெளிச்சம் சன்னல் வழியாகத் தாளில் ஒரு ஓரத்தில் மட்டும் விழுகிறது, அதில்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் அணைத்தாயிற்று.